பெட்டியில் அச்சாகாத அலைவரிசைகள்

நடுத்தர விலை ஸ்மார்ட்போன்கள், அதாவது 15,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைப்பவை, கேமராவிலும் திரையிலும் பேட்டரியிலும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. அவை இன்றும் பெரிதாக வேறுபடுவது கம்பியில்லா இணைப்பில்தான். எந்தெந்த அலைவரிசைகளில் அந்த போன் டவரோடு பேசும், 5ஜியின் எந்த வகையை ஏற்கும், வீட்டு வைஃபையில் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, சிக்னல் இல்லாத அறையிலிருந்து அழைக்க வழி வைத்திருக்கிறதா என்பவைதான் அந்த வேறுபாடுகள். பெட்டியின் மேல் அச்சாவதோ ‘5ஜி’, ‘வைஃபை’, ‘புளூடூத் 5.3’ என்ற சில சொற்கள் மட்டும். கடைக்காரரும் அதற்கு மேல் சொல்வது அபூர்வம். வாங்கிய பிறகு கேமராவின் குறையை ஒருவர் சகித்துக்கொள்ளலாம். வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றால்தான் பேச முடியும் என்ற நிலையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சகிப்பது கடினம்.

இணைப்பு வசதி இடத்தைப் பொறுத்தது. சென்னை தியாகராய நகரில் நன்றாக வேலை செய்யும் போன், வேறொரு ஊரின் உள்ளறையில் தடுமாறக்கூடும். இதைப் புரிந்துகொள்ளக் கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியம் பொருத்தமான இடம். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் சுரங்கப் பணி தொடங்கியது. நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர், எண்ணிட்ட பிளாக்குகளாக, அகலமான நேர்ச்சாலைகளோடு, தோட்டம் சூழ்ந்த குவார்ட்டர்ஸ்களோடு அமைந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரங்கள் சாலைகளின் மேல் பந்தல்போலக் கவிந்திருக்கின்றன. அடுக்குமாடிகள் நெருங்கிய நகரங்களைப் போல இங்கே வீடுகள் ஒன்றையொன்று நெருக்கவில்லை. நகரியத்துக்கு அப்பால் திறந்தவெளிச் சுரங்கங்கள். நிலக்கரிப் படிவத்தை அடைய, மேலே கிடக்கும் மண்ணை அகற்றவேண்டிய ஆழம் சில இடங்களில் நூறு மீட்டரை நெருங்கும். பக்கத்தில் மந்தாரக்குப்பம், வடலூர், கொஞ்சம் தள்ளிப் பண்ருட்டியின் பலா, முந்திரித் தோப்புகள். மரம், சுவர், பள்ளம் என ரேடியோ அலையைத் தடுக்கும் மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

ரேடியோ அலையின் அதிர்வெண் கூடக்கூட அது கடக்கும் தொலைவும், தடையைத் தாண்டும் திறனும் குறையும். ஒரே ஆற்றலில், ஒரே திறனுள்ள ஆன்டெனாக்களோடு அனுப்பினால், 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு குறிப்பிட்ட தொலைவில் வந்துசேரும்போது 700 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 25 மடங்கு பலவீனமாக இருக்கும். இது வெட்டவெளிக் கணக்கு. இடையில் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்தால் இடைவெளி இன்னும் கூடும். மரத்தின் இலையும் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கும். நனைந்த இலை கூடுதலாகச் செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அடர்ந்த மரநிழலில் உள்ள குவார்ட்டர்ஸில் உயர் அதிர்வெண் சிக்னல் தளர்வது இயல்பு. சுரங்க விளிம்பு போன்ற கூரிய தடையைச் சுற்றி வளைந்து இறங்குவதிலும் தாழ்ந்த அதிர்வெண்ணே தேர்ந்தது. ஆனால் தாழ்ந்த அலைவரிசையில் கிடைக்கும் பாதை குறுகலானது. 2022 ஏலத்தில் ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் எடுத்தது 10 மெகாஹெர்ட்ஸ் அகலம். 3,300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் எடுத்தது 100. வேகம் அகலத்தில் இருக்கிறது, எட்டும் தூரம் தாழ்வில் இருக்கிறது. இரண்டையும் ஏற்கும் போன்தான் இந்த ஊருக்கு முழுமையான போன்.

ஒவ்வொரு அலைவரிசைக்கும் உலக அளவில் ஓர் எண் உண்டு. 4ஜி அலைவரிசைகளை ‘பி’ என்ற எழுத்தோடும், 5ஜி அலைவரிசைகளை ‘என்’ என்ற எழுத்தோடும் குறிப்பார்கள். இந்தியாவில் 4ஜி சேவை பெரும்பாலும் பி1 (2,100 மெகாஹெர்ட்ஸ்), பி3 (1,800), பி5 (850), பி8 (900), பி40 (2,300), பி41 (2,500) ஆகியவற்றில் நடக்கிறது. ஜியோவின் 4ஜி பி3, பி5, பி40 மூன்றின் மேல் நிற்கிறது. இதில் வீட்டுக்குள் நுழைவது முக்கியமாக பி5. ஏர்டெல், வோடபோன் ஐடியா நிறுவனங்களுக்கு அந்த வேலையைச் செய்வது பி8. இந்தியச் சந்தைக்காகத் தயாரான நடுத்தர விலை போன்களில் இந்த ஆறும் அநேகமாக இருக்கும். அதனால் 4ஜியைப் பொறுத்தவரை கவலைப்படவேண்டியது ஓர் எண்ணைப் பற்றித்தான். அது பி28.

பி28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவையை இந்த அலைவரிசையிலும் 2,100 மெகாஹெர்ட்ஸிலும் தருகிறது. டிசிஎஸ், தேஜஸ் நெட்வொர்க்ஸ், சி-டாட் ஆகியவை சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளோடு அமைந்த இந்த வலையமைப்பைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் விற்ற பல போன்களில் பி28 இல்லை. தனியார் நிறுவனங்கள் அதை 4ஜிக்குப் பயன்படுத்தாததால், தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட போனில் பிஎஸ்என்எல் சிம் போட்டால், சுவரைக் கடந்து வரும் 700 மெகாஹெர்ட்ஸ் அலை வீட்டுக்குள் இருந்தும் போனுக்குத் தெரியாது. இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜியோவும் 700 மெகாஹெர்ட்ஸை வைத்திருக்கிறது, ஆனால் 5ஜிக்காக. அதன் பெயர் என்28. 4ஜி பட்டியலில் 28 இருப்பதும் 5ஜி பட்டியலில் 28 இருப்பதும் தனித்தனி விஷயங்கள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனி சிம், மற்ற அலைவரிசை எதற்கு’ என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றும். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு அதற்கான பதில் 2018-ல் கிடைத்தது. இம்மாநிலத்தில் தொடங்கி, இங்கேயே பெரும் வாடிக்கையாளர் பலம் பெற்றிருந்த ஏர்செல் அந்த ஆண்டு பிப்ரவரியில் நிலைகுலைந்தது. சிக்னல் திடீரென நின்றது. லட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற அலைந்தார்கள். எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் உண்டு. கையில் உள்ள போன் புதிய நிறுவனத்தின் அலைவரிசையை அறியாவிட்டால் அந்த உரிமைக்கு முழுப் பயன் இல்லை. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோதும் பலர் பிஎஸ்என்எல் பக்கம் திரும்பினார்கள். போன் மூன்று நான்கு ஆண்டு இருக்கும் பொருள். அதற்குள் சேவை நிறுவனம் மாறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

5ஜிக்கு வரும்போது எண்களோடு கட்டமைப்பும் சேர்கிறது. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று அறிமுகமானது. ஜியோ தனித்தியங்கும் 5ஜியை அமைத்தது; தொழில் வட்டாரத்தில் இதன் பெயர் எஸ்ஏ. ஏர்டெல் தன் 4ஜி வலையமைப்பை அடித்தளமாகக் கொண்டு அதன் மேல் 5ஜியை ஏற்றியது. இதன் பெயர் என்எஸ்ஏ. முதல் வகையில் போன் நேராக 5ஜி டவரோடு இணைகிறது. இரண்டாவதில் முதலில் 4ஜியில் இணைந்து, அதன் துணையோடுதான் 5ஜிக்கு ஏற முடியும். ‘5ஜி போன்’ என்ற சொல் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

இதன் விளைவு 2024 நவம்பரில் வெளிப்படையாகத் தெரிந்தது. குவால்காம் அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவை மனத்தில் கொண்டு ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற மலிவான சிப்பை அறிவித்திருந்தது. அதைக் கொண்டு வந்த ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாயில் தொடங்கியது. அந்த சிப் எஸ்ஏ வகையை மட்டுமே ஏற்கும். எனவே ஏர்டெல் சிம் போட்டவருக்கு, பெயரிலேயே 5ஜி உள்ள அந்த போனில் ஏர்டெல்லின் என்எஸ்ஏ 5ஜி கிடைக்கவில்லை, 4ஜிதான். இந்த விவரம் குறிப்புப் பட்டியலில் இருந்தது. ஆனால் ‘எஸ்ஏ மட்டும்’ என்ற வரியின் பொருள் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? நடுத்தர விலைப் போன்கள் இரு வகையையும் ஏற்பவை என்றாலும், விலை குறையும் ஒவ்வொரு படியிலும் எதையாவது விட்டுத்தான் குறைக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. வாங்கும்போது குறைந்தபட்சம் என்78-ம் என்28-ம் இருக்கிறதா, எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். என்78 என்பது 3,300 மெகாஹெர்ட்ஸ் பகுதி. இந்தியாவின் 5ஜி வேகம் பெருமளவு அதில்தான் கிடைக்கிறது. ஜியோ பயன்படுத்துவோருக்கு உள்ளறை 5ஜி என்28-ல்தான் நிலைக்கும். விளம்பரங்கள் ‘13 5ஜி பேண்டுகள்’, ‘16 5ஜி பேண்டுகள்’ என்று எண்ணிக்கையைச் சொல்லிப் போட்டிபோடுகின்றன. அவற்றில் பல இந்தியாவில் பயன்பாட்டிலேயே இல்லாதவை. எண்ணிக்கை பெரிதல்ல, எந்த எண் என்பதே முக்கியம்.

5ஜிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ரீசார்ஜ் கணக்கையும் பார்க்கவேண்டும். 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லா 5ஜியை நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களோடு இணைத்துவிட்டன. அதைவிடச் சிறிய திட்டத்திலேயே இருக்கப்போகும் ஓய்வூதியருக்கு 5ஜி போனால் உடனடிப் பெரும்பயன் இல்லை. அவருக்கு நல்ல 4ஜி அலைவரிசைகளும் பி28-ம் உள்ள போன் கூடுதலாக உதவும்.

பலர் கவனிக்காத ஒன்று, போனிலிருந்து டவருக்குச் செல்லும் பாதை. டவர் பத்துக்கணக்கான வாட் ஆற்றலில் அனுப்புகிறது. போன் அனுப்புவது பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் திரையில் சிக்னல் கோடுகள் தெரிந்தும், எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் உடைகிறது. நெய்வேலியில் பிள்ளைகள் படித்து பெங்களூருவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்ட வீடுகள் ஏராளம். மாலையில் பேரப்பிள்ளையோடு பேசும் வீடியோ அழைப்பு அறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மேலேறும் பாதைதான். வேகப் பரிசோதனையில் டவுன்லோடு எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது தவறு. அப்லோடு எவ்வளவு என்பதே இந்தப் பயன்பாட்டுக்கு உண்மையான அளவு. சில போன்கள் குறிப்பிட்ட 5ஜி அலைவரிசைகளில் இரண்டு மடங்கு ஆற்றலில் அனுப்ப அனுமதி பெற்றவை. குறிப்புப் பட்டியலில் தேடினாலும் இந்தத் தகவல் எளிதில் கிடைப்பதில்லை. சிக்னல் பலவீனமான வீட்டில் போன் முழு ஆற்றலையும் செலவழித்து அனுப்புவதால் சூடாகும், பேட்டரியும் விரைவில் இறங்கும். ஒரே பேட்டரி அளவுள்ள இரண்டு போன்களில் ஒன்று மட்டும் மாலைக்குள் தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரல் அழைப்புக்கென்றே ஒரு வசதியைத் தனியாகச் சொல்லவேண்டும். 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பு கிடையாது. அதில் பேச வேண்டுமானால், 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்டி போனில் வேலை செய்தாக வேண்டும். அதற்கு அடுத்த படி வைஃபை அழைப்பு. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், 2020 ஜனவரியில் ஜியோவும் இதை அறிமுகப்படுத்தின. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், டவர் சிக்னலே இல்லாத அறையிலிருந்தும் வழக்கமான எண்ணிலேயே, தனிக் கட்டணமின்றி, தனிச் செயலி இன்றிப் பேசலாம். தடித்த சுவருள்ள பழைய குவார்ட்டர்ஸில் இதற்கு இணையான தீர்வு வேறில்லை. இருபதாயிரம் ரூபாயோடு மேலும் ஐயாயிரம் கூட்டி வாங்கும் எந்தக் கேமராவும் தராத நிம்மதியை இந்த ஒரு வசதி தரும். ஆனால் எல்லா போன்களிலும் எல்லா நிறுவனங்களின் வைஃபை அழைப்பும் வேலை செய்யாது. போன் தயாரிப்பாளரும் சேவை நிறுவனமும் மாடல் வாரியாகச் சேர்ந்து இதை இயக்கவேண்டும். எந்தெந்த மாடல்களில் கிடைக்கும் என்ற பட்டியலை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் தருகின்றன. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து அதைப் பார்ப்பது நல்லது.

வைஃபையில் தலைமுறை எண்ணைவிட அலைவரிசை முக்கியம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி விரிவாக 2018 அக்டோபரிலும் உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. ஒரே ஆன்டெனா உள்ள, 2.4 மட்டும் அறிந்த போன், வழக்கமான தட அகலத்தில் விநாடிக்கு 72 மெகாபிட்டுக்கு மேல் இணைப்பைப் பெறாது. 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 5 உள்ள ஒற்றை ஆன்டெனா போனுக்கு அந்த உச்சம் 433. இரட்டை ஆன்டெனா இருந்தால் 866. வீட்டு பிராட்பேண்ட் திட்டம் 100 மெகாபிட்டோ அதற்கும் குறைவோ என்றால் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பயன்பாட்டில் தெரியாது. இதை வைத்துப் பார்த்தால் வைஃபை 5 போதும் என்றே தோன்றும்.

ஆனால் நெய்வேலி போன்ற ஊரில் வைஃபை 6-ஐ விரும்பக் காரணம் ஒன்றுண்டு. வைஃபை 5 என்ற தரம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமானது. அந்த போன்கள் 2.4-க்கு இறங்கும்போது 2009-ன் வைஃபை 4-க்கே திரும்புகின்றன. வைஃபை 6 இரண்டு பகுதிகளையும் மேம்படுத்தியது. முன்னறையில் ரவுட்டர், பின்பக்கம் சமையலறை, நடுவில் இரண்டு சுவர் என்று இருக்கும் வீட்டில் போன் 2.4-க்கு இறங்குவது அன்றாடம் நடப்பது. அங்கே வைஃபை 6 கைகொடுக்கும், ரவுட்டரும் வைஃபை 6 ஆக இருந்தால். சேவை நிறுவனம் தந்த பழைய ரவுட்டரை வைத்துக்கொண்டு போனை மட்டும் உயர்த்துவதில் பயனில்லை. ‘வைஃபை 6இ’ என்று விளம்பரமாவது 6 கிகாஹெர்ட்ஸ் பகுதி. அதன் கீழ்ப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளையே மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. அதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் அவசரம் நடுத்தரக் குடும்பத்துக்கு இல்லை.

புளூடூத்தின் பதிப்பு எண்ணைப் பார்த்து போன் வாங்குவது வீண். 5.2, 5.3, 5.4 என்ற எண்கள் தர ஆவணத்தின் பதிப்பைச் சொல்கின்றன; அந்த ஆவணத்தில் உள்ள வசதிகளில் பல கட்டாயமானவை அல்ல. இசையின் தரத்தை நிர்ணயிப்பது ஒலியைச் சுருக்கும் முறை. எஸ்பிசி எல்லா போனிலும் இருக்கும். ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டாக் போன்றவை போனிலும் இயர்போனிலும் ஒருசேர இருந்தால்தான் பயன். ஆயிரம் ரூபாய் இயர்பட் பயன்படுத்துவோருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. காதுகேட்கும் கருவி அணிவோருக்கு மட்டும் இது தீவிரமான விஷயம். கன்வேயரும் டர்பைனும் இரையும் இடங்களில் வாழ்நாள் முழுக்க உழைத்த தொழிலாளர்கள் ஓய்வுபெற்று வாழும் ஊரில் அவர்களை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல், காதுகேட்கும் கருவிக்கு நேராக ஒலியை அனுப்பும் ‘ஆஷா’ என்ற முறை இருக்கிறது. எல்இ ஆடியோ என்ற புதிய முறையும் வந்திருக்கிறது. எந்தக் கருவி எந்த போனோடு சேரும் என்பதைக் கருவி தயாரிப்பாளரின் பட்டியலில் உறுதிசெய்துகொண்ட பிறகே போனைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வரிசை மாறினால் இரண்டு செலவும் வீணாகும்.

போனைக் கருவியின் அருகே காட்டிப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சி பல நாடுகளில் முதன்மை வழி. இங்கே 2016-ல் வந்த யுபிஐ, கியூஆர் அட்டை வழியாக டீக்கடை வரை பரவிவிட்டதால், அது இல்லாத போனால் அன்றாட வாழ்வு நிற்காது. டிவி, ஏசி ரிமோட்டாகப் பயன்படும் அகச்சிவப்பு வசதி மலிவானது, உபயோகமானது, இருந்தால் நல்லது. இடம் காட்டும் வசதியில் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் போன், அடர்ந்த மரநிழலிலும் சாலையைச் சரியாகக் காட்டும். இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களும் எல்5-ல்தான் தொடக்கம் முதல் ஒலிபரப்பி வருகின்றன. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல்தான் எல்1-ம் சேர்ந்தது. டெலிவரி வேலை, வாடகை வண்டி ஓட்டுவோருக்கு இது பார்க்கவேண்டிய வரி.

கடலூர் மாவட்டத்தில் போன் வாங்குவோர் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி, புயல் நாளில் இந்த போன் என்ன செய்யும் என்பது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் போனால் செல்போன் டவர் பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அதன்பின் போனுக்கு வரக்கூடிய ஒரே வெளிச்செய்தி எஃப்எம் ரேடியோ. அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். போன்களின் வைஃபை, புளூடூத் சிப்புகளில் பலவற்றில் எஃப்எம் பகுதி ஏற்கெனவே இருக்கிறது; தயாரிப்பாளர்கள் அதை இயக்காமல் விடுகிறார்கள். ஆன்டெனாவாகப் பயன்படும் இயர்போன் வயருக்கான துளையையும் எடுத்துவிடுகிறார்கள். 2023 ஏப்ரலில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், பேரிடர்களைக் காரணம் காட்டியே, எஃப்எம் வசதியை முடக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. அது ஆலோசனை அளவிலேயே நின்றது. இரண்டு போன்கள் மற்றெல்லாவற்றிலும் சமம் என்றால், எஃப்எம் உள்ளதை எடுப்பதே கடலோர மாவட்டக்காரருக்குச் சரியான முடிவு. டவர் இயங்கும்வரை உதவுவது, ஒரே நேரத்தில் ஒரு பகுதியின் எல்லா போன்களுக்கும் வரும் அவசர எச்சரிக்கை. 2023-ல் நாடு முழுவதும் பெரும் ஒலியோடு போன்களில் வந்த சோதனைச் செய்திகள் இதற்கானவை. போனின் அமைப்புகளில் இந்த எச்சரிக்கையைச் சிலர் தொந்தரவென்று அணைத்துவிடுகிறார்கள். புதிய போனை இயக்கியதும் அது திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் வாங்குபவரே தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய நிலை மாறவேண்டும். போனின் கதிர்வீச்சு அளவுக்கு அரசு 2012 செப்டம்பர் 1 முதல் வரம்பு வைத்தது: ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாக, கிலோவுக்கு 1.6 வாட். *#07# என்று அழுத்தினால் இன்று பெரும்பாலான போன்கள் தம் அளவைக் காட்டுகின்றன. குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் நட்சத்திரக் குறி உண்டு. அப்படியிருக்க, இந்தியாவில் பயன்பாட்டில் உள்ள 4ஜி, 5ஜி அலைவரிசைகளில் எவை இந்த போனில் உண்டு, எவை இல்லை என்ற சிறு கட்டத்தைப் பெட்டியின் வெளியே, மாநில மொழியில் அச்சிடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. எஸ்ஏ, என்எஸ்ஏ, வைஃபை அழைப்பு, எஃப்எம் என்ற நான்கு வரிகளையும் அதோடு சேர்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 நவம்பரில் சேவை நிறுவனங்கள் தங்கள் சிக்னல் பரப்பை வரைபடமாக இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்று உத்தரவிட்டது. எந்த பிளாக்கில் எந்த நிறுவனத்தின் 4ஜி, 5ஜி உண்டு என்று இப்போது பார்க்கலாம். ஆனால் எந்த அலைவரிசை என்பது அதில் இல்லை. பெட்டியும் வரைபடமும் ஒரே மொழியில் பேசினால்தான் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும்.

அதுவரை கையில் உள்ள வழிகள் சில. தற்போதைய போனில் அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை என்று சென்றால் சிக்னல் பலம் டிபிஎம் என்ற அளவில் தெரியும். 4ஜியில் மைனஸ் 85-க்கு அருகில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் மிகப் பலவீனம். வீட்டின் ஒவ்வொரு அறையிலும் இதைக் குறித்துக்கொண்டால், பிரச்சினை போனிலா இடத்திலா என்பது விளங்கும். பலவீனமான அறைகள் அதிகம் என்றால் தாழ் அலைவரிசைகளுக்கும் வைஃபை அழைப்புக்கும் முதலிடம். தெரிவு செய்த மாடலின் அலைவரிசைப் பட்டியலைத் தயாரிப்பாளரின் இந்திய இணையதளத்தில்தான் பார்க்கவேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகளோடு போன்கள் வருகின்றன. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் போனுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் ஐபோன் 14 முதல் சிம் அட்டை போடும் இடமே இல்லை. பழைய போன் வாங்குவோர் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பெற்று, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த மாடல், திருட்டுப் பொருளாக முடக்கப்பட்டதா என்று பதில் வரும். அந்த மாடல் பெயரைக் கொண்டே அதன் அலைவரிசைகளையும் தேடிப் பார்த்துவிடலாம்.